ரொசாமெல் நவெல்கின் மீசையை எடுத்த கதை

எங்கள் ‘சாந்தா எடுவிகெஸ்’ கப்பலின் சாரங்கு ரொசாமெல் நவெல்கினுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. துரு. மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். ஆனால் ஆட்களை ஏவிவிட்டுக் கைகட்டி நிற்கிற ரகம் இல்லை. விடிந்ததும் சுத்தியலும் கம்பி பிரஷுமாகக் கிளம்பிவிடுவான். தட்டுவான், சுரண்டுவான், பெயிண்ட் அடிப்பான். கப்பலின் மூக்கில் ஆரம்பித்து வால்வரை போய்ச் சேருவதற்குள் மூக்கு மறுபடி துருப்பிடித்திருக்கும். திட்டிக்கொண்டே திரும்ப வருவான். விடுமுறையில் எங்கள் துறைமுக ஊரான புந்தா அரேனாஸில் இருந்தால் பக்கத்து வீட்டு கேட்டைக்கூட விடமாட்டான். “இந்த மனுஷன் என்னைக் கட்டிக்கிட்டதே நான் துருப்பிடிக்க மாட்டேன்னுதான்” என்று அவன் மனைவி கிளோரிந்தா அலுத்துக்கொள்வாள்.

நான் அதே கப்பலின் சமையல்காரன், எலிசேயோ. அவன் மகள் யாஸ்னாவுக்கு ஞானத்தந்தை. அந்த உறவால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஆகவே அவனைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. அவனுடைய மீசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துடைப்பம் மாதிரி மீசை. செம்பட்டை நிறம். பரம்பரையில் யாரோ வெள்ளைக்காரன் கலந்திருக்கிறான் என்று அவனே பெருமையடித்துக்கொள்வான்.

அந்த வருஷம் கோடையில் எங்கள் கப்பலை விஞ்ஞானிகள் வாடகைக்கு எடுத்துத் தெற்கே பனிக்கடலுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருத்தி யாஸ்னா. டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயணத்தில் அள்ளப்போகிற தண்ணீரை நம்பித்தான் அவள் படிப்பு இருந்தது. முதல் நாளே எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து விளக்கினாள்.

“அந்தக் கடல்ல மத்த சத்தெல்லாம் கொட்டிக் கிடக்கு. இரும்பு மட்டும் இல்ல. அதனால கண்ணுக்குத் தெரியாத பாசி வளர மாட்டேங்குது. பாசி இல்லன்னா கூனிறால் இல்ல. கூனிறால் இல்லன்னா திமிங்கிலத்துக்குப் பட்டினி. எவ்வளவு இரும்பு இருக்குன்னு அளக்கத்தான் போறோம்.”

“எவ்வளவும்மா இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஒரு நீச்சல் குளம் நிறைய தண்ணிக்கு ஒரு குண்டூசித் தலை அளவு. அதுவே அதிகம்.”

“அதை இந்த ஓட்டை இரும்புக் கப்பல்ல நின்னுக்கிட்டு அளக்கணுமா?” என்றார் இன்ஜின் ரூம் ஆள் ஒருவர்.

“அதான் கஷ்டம். ஒரு துணுக்குத் துரு விழுந்தாலும் எல்லாம் நாசம். பாட்டில் பிளாஸ்டிக், கயிறு பிளாஸ்டிக். அப்புறம்...” அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். “திரும்பி வர்ற வரைக்கும் யாரும் துரு தட்டக் கூடாது.”

அறையே ரொசாமெலைத் திரும்பிப் பார்த்தது. அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என் பங்குக்கு நான், பருப்பு சூப்பில் இரும்புச் சத்து உண்டே, அதையும் நிறுத்திவிடவா என்று கேட்டேன். “நீங்க சூப்பைக் கடல்ல ஊத்தாம இருந்தா போதும், ஞானப்பா” என்றாள்.

பிறகு வந்த நாட்களில் ரொசாமெலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துரு அவன் கண்ணெதிரே கைப்பிடியில் பூத்தது, ஏணியில் படர்ந்தது. அவன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான். பொழுது போகட்டும் என்று உருளைக்கிழங்கு உரிக்கக் கொடுத்தேன். துரு சுரண்டுகிற பழக்கத்தில் சுரண்டி, பெரிய கிழங்கையெல்லாம் கோலிக்குண்டாக்கிக் கொடுத்தான்.

பனிக்கடல் ஓரத்தில் யாஸ்னாவின் பாட்டில்களை முதல் முறையாக ஆழத்தில் இறக்கினார்கள். கயிற்றை இறக்கி ஏற்றுகிற வின்ச்சை ஓட்டியது ரொசாமெல். கயிறு மேலே வந்தது, தண்ணீர் இரும்பை அளக்கிற மெஷினுக்குப் போனது. மாலையில் பேராசிரியர் உகார்த்தே சாப்பாட்டு அறைக்குள் ஓடி வந்தார். அவர்தான் விஞ்ஞானிகளுக்குத் தலைவர். நடக்கும்போதே மூச்சு வாங்குகிற மனிதர், அன்றைக்கு ஓடினார்.

“இரும்பு! ஏகப்பட்ட இரும்பு. எவனும் பார்த்ததில்ல. கீழ இரும்பைக் கக்குற வெந்நீர் ஊத்து ஏதோ இருக்கணும்” என்று என்னைக் கட்டிப்பிடித்தார். “கண்டுபிடிச்சது யாஸ்னா. அதனால அவ பேரையே வச்சுடலாம். நவெல்கின் ஊத்து. உலக வரைபடத்துல வரும்.”

யாஸ்னாவுக்குச் சந்தேகம். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். மறுநாளும் இறக்கினார்கள். மறுபடியும் அதே அளவு இரும்பு. இனி சந்தேகத்துக்கு இடமில்லை என்று பேராசிரியர் ஊருக்குச் செய்தி தயார் செய்ய உட்கார்ந்தார். என்னிடம் கேக் செய்யச் சொன்னார். கேக்கின் மேல் கிரீமில் ‘நவெல்கின்’ என்று எழுதி வைத்தேன்.

எல்லோரும் ரொசாமெலின் முதுகில் தட்டினார்கள். அவன் கேக்கையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் பிறந்த சிலோவே தீவில் மரத்தில் கீறிவைத்த ஊர்க்கல்லறைச் சிலுவைகளைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத பேர் அது.

“ஒரு துண்டு எடுத்துக்கோ, கொம்பாத்ரே” என்றேன்.

அவன் எழுந்து நின்றான். “புரபசர், கேக்கை வெட்டாதீங்க. கீழ ஊத்து கீத்து எதுவும் இல்ல.”

“என்ன சொல்றீங்க, ரொசாமெல்?”

“அந்தக் கயித்துல பாட்டில் சட்டத்தைக் கோக்கற இடத்துல ஒரு பிளாஸ்டிக் வளையம். பிளாஸ்டிக், ஐயா. அதுல எம்பொண்ணோட படிப்பு முழுக்கத் தொங்குது. மனசு கேக்கல. ஒரு நல்ல இரும்புக் கொக்கியா பாத்து மாட்டி, மேல டேப்பைச் சுத்திட்டேன்.” பிறகு குரல் தணிந்து, “துரு இல்லாத கொக்கிதான். புதுசு” என்றான்.

பேராசிரியர் கத்தியைக் கேக்கின் மேலேயே பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு சாரங்கு இருபது வருஷம் பழகிய பழக்கம் அது. எதைத் தொங்கவிட்டாலும் இரண்டாவது பிடி ஒன்று வேண்டும். நான் அவன் இடத்தில் இருந்தாலும் மாட்டியிருப்பேன்.

யாஸ்னா அவர் கையிலிருந்து கத்தியை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு, “ரெண்டு தடவையுமா அப்பா?” என்றாள்.

“ரெண்டாந்தடவை இன்னும் பெருசா ஒண்ணு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இருமலாக முடிந்தது. அந்தச் செய்தி ஊருக்குப் போயிருந்தால் அவள் பெயர் உலகம் முழுக்க நாறியிருக்கும். போகாததால் பெயர் தப்பியது; ஆனால் கையில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. புயல் வருகிறது, நாளை மதியத்தோடு திரும்புகிறோம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை இறக்கலாம்.

அந்த அலையில் வின்ச்சைக் குலுங்காமல் ஓட்ட ரொசாமெலை விட்டால் ஆள் இல்லை. பேராசிரியர் வேண்டவே வேண்டாம் என்றார். யாஸ்னாதான், “அப்பா வரட்டும். ஆனா கழுவிட்டு வரட்டும்” என்றாள்.

கழுவுகிற வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் காலை சமையலறைத் தொட்டியில் உட்காரவைத்துத் தேய்த்தேன். முதல் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி போனது. மூன்றாவது தண்ணீரும் அப்படியே. மீசைக்கு வந்தபோது எனக்கு விஷயம் விளங்கியது. கலந்தது வெள்ளைக்காரன் இல்லை. அத்தனையும் துரு. தேய்க்கத் தேய்க்க அது நரைமீசையாகிக்கொண்டு வந்தது, ஆனாலும் விரலால் தட்டினால் பொடி உதிர்ந்தது.

“பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடிக்கலாம்னு யாஸ்னா சொன்னா” என்றேன்.

“பையைச் சுத்திக்கிட்டு வின்ச் ஓட்டவா?” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “எடுத்துடு, கொம்பாத்ரே.”

“நெஜமாவா?”

“பேசாம எடு. பேசினா மனசு மாறிடும்.”

எடுத்தேன். அவனுடைய மேலுதட்டை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. சின்னப் பையனுடைய உதடு மாதிரி இருந்தது.

வெள்ளை பிளாஸ்டிக் உடையும் தொப்பியுமாக அவன் தளத்துக்கு வந்தபோது யாஸ்னா, “யாருங்க நீங்க?” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அடையாளம் தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டில்கள் இறங்கின. கயிறு முனகியது. ரொசாமெலின் கண் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைவிட்டு நகரவில்லை. ஒரு பெரிய அலை கப்பலைத் தூக்கிப் போட்டபோது, அவன் தீவுக்காரர்கள் கும்பிடுகிற இயேசுவான காகுவாச் நாசரேனருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அவன் வேண்டிக்கொண்டது எனக்கே கேட்டது. வளையம் தாங்கியது. எல்லாப் பாட்டில்களும் முழுசாக மேலே வந்தன.

திரும்பும் வழியில் மெஷின் கணக்குச் சொன்னது. யாஸ்னா வெளியே வந்து, “இல்ல. கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல” என்றாள். தண்ணீரில் கப்பலின் துரு கலக்கவில்லை என்று விஞ்ஞானிகள் துள்ளிக் குதித்தார்கள். ரொசாமெலுக்குப் புரியவில்லை.

“அப்ப நான் இத்தனை வருஷமா சுரண்டிக் கடல்ல கொட்டின துரு? பாசிக்கு அது சோறு இல்லையா?”

“அது கல்லு மாதிரி கீழ போயிடும், அப்பா. கரைஞ்ச இரும்புதான் அதுக்கு வேணும். உருகற பனியில வரும். திமிங்கிலத்தோட சாணியில வரும்.”

“திமிங்கிலச் சாணியவிட மட்டமா என் துரு?” ஊர் போய்ச் சேரும்வரை அவன் திமிங்கிலங்களோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

புந்தா அரேனாஸில் கப்பல்காரர்கள் குடிக்கிற கடைக்குள் நுழைந்ததும், மீசை எங்கே என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான், கொக்கி உட்பட.

“சரி, கடைசியில என்னதான் கண்டுபிடிச்சா உம்பொண்ணு?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணுமில்ல.”

கடையே சிரித்தது. ரொசாமெல் கிளாஸைக் கீழே வைத்தான்.

“சிரிங்கடா. ஓட்டை இரும்புக் கப்பல்ல நின்னுக்கிட்டு, ஒண்ணுமே இல்லாத தண்ணிய மேல கொண்டுவந்திருக்கா எம்பொண்ணு. அதுவும் நான் கூட இருந்தும்.”