கோடு போட்ட டிசம்பர் செடி

அம்மா செத்த அன்று நான் மாமாவோடு செடி வாங்கப் போயிருந்தேன். கீழ்க்கட்டளையில் கிளம்பி காட்டாங்குளத்தூர் வரைக்கும் போனோம். அவள் செத்துவிட்டாள் என்று மாமாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஏழு வயது.

செடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மீன் விற்றாள். மெயின் ரோட்டோரம் கூடை வைத்து உட்காருவாள். பிறந்தது கடலோரக் குப்பம். நாங்கள் இருந்தது மொட்டை மாடியில் ஒற்றை ரூம், வாடகைக்கு. வாசலில் பெயிண்ட் டப்பாக்களில் ஐந்தாறு செடி வைத்திருந்தாள். மீன் கழுவின தண்ணீரைத்தான் ஊற்றுவாள். நாற்றம் என்று கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் கத்துவார். பூத்தால் அவர் சம்சாரம்தான் முதலில் வந்து பறிப்பாள்.

அதில் ஒன்று டிசம்பர் செடி. எல்லார் வீட்டிலும் இருக்கிற ஊதா இல்லை. வெள்ளைப் பூவில் ஊதாக் கோடு போட்டது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அதில் மொட்டு கட்டியிருந்தது. படி இறங்கும்போது, "தண்ணி ஊத்து பாப்பா, நான் வரதுக்குள்ள பூத்துடும்" என்றாள்.

எங்களுக்குச் சமைத்துப் போட அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. அவள் மீன் வாங்கமாட்டாள், கருவாடுதான். கருவாடு ஊறவைத்த தண்ணீரும் மீன் தண்ணீர்தானே என்று நினைத்தேன். எடுத்துப் போய் ஊற்றினேன். மற்ற செடிக்கு ஊற்றவில்லை. அது ஒன்றுக்கு மட்டும், நன்றாக வரட்டும் என்று. ஐந்து நாளில் இலை ஓரம் கருகியது. மொட்டெல்லாம் கொட்டிவிட்டது. தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை.

மாமாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவின் தம்பி அவர், கடலுக்குப் போகிறவர். அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார். புதுச் செடி வாங்கி அதே டப்பாவில் வைத்துவிடலாம், அம்மாவுக்குத் தெரியாது என்று அவரை நச்சரித்தேன். "அப்பால பாக்கலாம்" என்பார். ஒரு வாரம் அதையே சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் யூனிபாரம் போட்டுக்கொண்டு நின்றேன். மாமா வண்டியில் வந்தார். கண் சிவந்திருந்தது. கடலுக்குப் போய் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

"ஸ்கூல் வேணாம். வா, உன் செடிய வாங்கலாம்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கொடுக்க மத்தியானம் ஆகும், அதுவரை பிள்ளையை எங்கேயாவது வைத்திரு, போன் பண்ணினதும் கூட்டிவா என்று அப்பா அவரிடம் சொல்லியிருந்தார். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

மேடவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் அப்போதுதான் ஷட்டர் தூக்கினார்கள். மாமா என்னை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் ஒரு கவரோடு வந்தார். வஞ்சிர மீனுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற குடும்பம் எங்களுடையது. புடவையை அவ்வளவு சீக்கிரம் எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

"யாருக்கு மாமா?"

"உங்கம்மாவுக்கு."

"வீட்டுக்கு வரதுக்கா?"

"ஆமா."

கவரை வண்டிக் கொக்கியில் மாட்டினார்.

மேடவாக்கம் தாண்டி மாம்பாக்கம் ரோட்டில் ஒரு நர்சரி இருந்தது. இரும்புக் கேட், உள்ளே பச்சை வலைப் பந்தல். ஒரு பாய் அதை நடத்திவந்தார். மாமாவுக்குச் செடி பற்றி ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது நேத்து வந்ததா பாய், இன்னிக்கி வந்ததா?"

"இன்னாப்பா, செவுள தூக்கிப் பாக்குற மாதிரி பாக்குற? மீனா வாங்குற?" என்றார் பாய்.

நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசி வரிசையில் நான் அதைப் பார்த்துவிட்டேன். கறுப்புக் கவரில், முழங்கால் உயரம். இரண்டு பூ. வெள்ளையில் ஊதாக் கோடு.

"மாமா, இதுதான்!"

மாமா பூவைப் பார்க்கவில்லை. போனில் மணி பார்த்தார். பத்துகூட ஆகவில்லை.

"இது இல்ல பாப்பா. உங்கம்மாதுல கோடு பட்டையா இருக்கும்."

"இல்ல மாமா, இதேதான்."

"எங்கக்கா செடி எனக்குத் தெரியாதா? வா, வேற கடை பாக்கலாம்."

"கொயந்த கரெக்டா சொல்லுது, நீதான் பேஜார் பண்ற" என்றார் பாய். மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டு வாசலில் அப்போது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து தாம்பரம் போய் முடிச்சூர் ரோட்டில் ஒரு நர்சரி. அங்கே டிசம்பர் செடியே இல்லை. மாமா நகரவில்லை. ஒட்டு மாங்கன்று எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்று கேட்டார். சப்போட்டா கேட்டார். மல்லிக்கு வெயில் வேண்டுமா என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார்.

"நீ வாங்க வந்தியா, பொழுதுபோக்க வந்தியா?"

"பொழுதுபோக்கத்தான் சார்" என்றார் மாமா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெளியே வந்ததும் அவர் முதுகில் குத்தினேன். அவர் திரும்பவில்லை. எதிரில் டீக்கடையில் எனக்குப் பன்னும் பாலும் வாங்கித் தந்தார். அவர் டீகூடக் குடிக்கவில்லை. செடியும் வாங்கமாட்டார், டீயும் வாங்கமாட்டார், இவ்வளவு கஞ்சமா என்று நினைத்தேன்.

பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே போய் காட்டாங்குளத்தூர். காலேஜ் பிள்ளைகள் கூட்டம். அதைத் தாண்டி உள்ளே ஒரு நர்சரி. ஒரு அக்கா மண்ணையும் தேங்காய் நாரையும் கலந்து கவரில் அடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு வந்தோம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"டிசம்பருக்கா இம்மாந் தூரம் வந்தீங்க? ஒரு கிளைய ஒடிச்சி நட்டா தானா வரும். பக்கத்து வூட்ல கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

அப்போது போன் வந்தது. மாமா நார்க் குவியலுக்குப் பின்னால் போய்ப் பேசினார். திரும்பி வந்து அந்த அக்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் மண் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். யூனிபாரம் எல்லாம் மண். நான் உதறிக்கொண்டேன். ஊதா டிசம்பர் ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்து, "காசு வேணாம் கண்ணு, எடுத்துகினு போ" என்றாள்.

"இதுல கோடு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மாமா என் முன்னால் உட்கார்ந்தார். "போலாம் பாப்பா. அப்பா அம்மாவ வூட்டுக்குக் கூட்டிகினு வந்துட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ந்த செடி வாசலிலேயே இருக்கிறது. அம்மா பார்த்திருப்பாள்.

"செடி இல்லாம நான் வரமாட்டேன். நான்தான் கொன்னேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

"நீ கொல்லல."

"நான்தான் கொன்னேன்."

 மாமா என் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அப்புறம் எழுந்து, "சரி. பாய் கடைக்கே போலாம். வாங்கிகினு நேரா வூடு" என்றார்.

வண்டலூர் சுற்றி மாம்பாக்கம் வழியாக வந்தோம். அவ்வளவு வேகமாக மாமா வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். அப்படியே வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார் என்று பக்கத்து பஞ்சர் கடையில் சொன்னார்கள். கேட் இடுக்கில் பார்த்தேன். உள்ளே ஒரு நாய் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் செடி இருந்தது.

"அப்பால வந்து வாங்கிக்கலாம். வா கண்ணு" என்றார் மாமா.

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் விரலைப் பிரிக்கப் பார்த்தார். மீன்பிடிக்கிற கை. நினைத்தால் ஒரு இழுப்பில் தூக்கியிருக்கலாம். ஒரு விரலைப் பிரித்தார். நான் வீறிட்டேன். விட்டுவிட்டார்.

ரோட்டோரம் மதகு இருந்தது. அதில் உட்கார்ந்தோம். போன் வந்துகொண்டே இருந்தது. நாலைந்து தரம் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தார்.

"வண்டி பஞ்சர் மாமா... இல்ல, லேட்டாவும்... மூணு மணிக்கு எமகண்டம், தெரியும்... எங்களுக்காக நிக்க வேணாம்."

அவர் மாமா என்றது என் அப்பாவை. பஞ்சரே இல்லையே, ஏன் பொய் சொல்கிறார் என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணி லாரிகள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் வந்தபோது இரண்டே முக்கால் இருக்கும்.

"இன்னா தம்பி, கோடு பட்டையாயிடுச்சா?" என்று சிரித்தார்.

மாமா பணத்தை நீட்டினார்.

எங்கள் தெரு ஈரமாக இருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் சாமந்தி இதழ் ஒதுங்கிக் கிடந்தது. வாடகை நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்கள். ஆம்பளைகள் ஒருத்தரும் இல்லை. நான் செடியை அணைத்துக்கொண்டு படி ஏறப்போனேன். அத்தை தலை ஈரத்தோடு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டி மாமாவிடம் போனாள்.

"எங்கடா போன? பொறந்த வூட்டு கோடி இல்லாம, யாரும் இல்லாதவ மாதிரி போய்ட்டாடா உங்கக்கா!"

"வண்டி பஞ்சர் ஆயிடுச்சிக்கா" என்றார் மாமா.

"பஞ்சர் ஆகல அத்தை" என்றேன் நான். "செடிக் கடையில உக்காந்துகினு இருந்தோம்."

வாசலில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். என் கையில் இருந்த செடியைப் பார்த்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். இவள்தான் வரமாட்டேன் என்றாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொக்கியில் இருந்த கவரை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போதும் கவர் கையில் இருந்தது.

அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

அக்கா செத்த அன்று செடி வாங்கப் போனவன் என்று மாமாவுக்குப் பேர் வந்துவிட்டது. குப்பத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. என்னிடமும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. வந்தால், "செடி பூக்குதா?" என்று மட்டும் கேட்பார். பூக்கிறது. கிளை ஒடித்து நட்டு நட்டு இப்போது நாலு டப்பா ஆகிவிட்டது.

கோடி என்றால் என்ன என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். என் மாமியார் செத்தபோது அவள் தம்பி புதுப் புடவையோடு வந்தார். அவர் வரும்வரை எடுக்காமல் நின்றார்கள். எண்பது வயசுக் கிழவர் தடுமாறிக்கொண்டு போய், அந்தப் புடவையை அக்கா மேல் போட்டு, கால்மாட்டில் விழுந்தார். பிறந்த வீட்டில் இருந்து அவளுக்குக் கடைசியாக வருவது அதுதான். அதைக் கூடப்பிறந்தவன்தான் போட வேண்டும். நான் அழவில்லை. பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்த மதகுதான் ஞாபகம் வந்தது.

மதகில் உட்கார்ந்திருந்தபோது மாமா அந்தக் கவரை மடியில் வைத்திருந்தார். புடவையை வெளியே எடுக்கவில்லை. கவருக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் போரடித்தது. கவரைக் கொடு என்று பிடுங்கினேன். அம்மாவுக்கு நான்தான் குடுப்பேன், நீ குடுக்கக் கூடாது என்று சண்டை போட்டேன்.

"சரி, நீயே குடு" என்றார்.

மணி என்ன மாமா என்று கேட்டேன். போனை எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் நேரம் கீது பாப்பா" என்றார்.