வலது கையால் ஒரு காபி

என் நோய் முதன்முதலில் தலைகாட்டியது பல்லடத்தில், மச்சான் மகள் கல்யாணத்தில். மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் இடது கை மட்டும்தான் மேலே வந்தது. வலது கை தொடையோரம் தொங்கியது.

"ஏனுங்க மாப்ள, எலெக்சன்ல நிக்கறீங்களா? ஒத்தக் கைய ஆட்டறீங்க?" என்றார் பக்கத்தில் நின்ற மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி வாய்தான் சிரித்தது. அதைப் பார்த்ததும் மச்சான் முகம் மாறிவிட்டது.

கோவை ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். கால் சீக்கிரம் தேறியது. கை தேறவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மருந்தோட வேல முடிஞ்சுதுங்க. இனி பிசியோதெரபிதான் (தசைகளைப் பயிற்சியால் மீட்கும் சிகிச்சை). மொதல் சில மாசந்தான் முக்கியமுங்க. விட்டுப்போட்டா கை இப்படியே நின்னுரும்."

சோமனூர் திரும்பினோம். எங்கள் ஊரில் தறி மோட்டார் எரிந்துபோனால் டீ ஆறுவதற்குள் ஆள் வந்துவிடுவார். என்னைப் போன்ற தறிக்காரன் கை நின்றுபோனால் வர ஆளில்லை. சுற்றுவட்டாரத்துக்கே ஒரே பிசியோதெரபிஸ்ட், நித்யா என்ற பெண். வியாழக்கிழமை காலை ஒரு மணி நேரம் எங்களுக்கு என்று ஒதுக்கினார்.

அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விருந்து வைத்தோம்.

ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் என் மனைவி சரசு வாசலுக்குப் போய்விடுவாள். "வா கண்ணு. சந்தகை சூடா இருக்குது. தின்னுபோட்டு அப்பறம் அவுரு கையப் பாரு." எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகை, தேங்காய்ப்பால், அதன் பிறகு காபி. நடுவில், நித்யாவின் அப்பாவுக்கு எந்த ஊர், அம்மாவுக்கு எந்த ஊர், எங்கேயாவது சொந்தம் வருகிறதா என்ற விசாரணை. பயிற்சி வலிக்குமே என்று நானும் என் பங்குக்குக் கதை அளப்பேன். மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்தில் என் கை நாலு தரம் மேலே போய்க் கீழே வரும். வீட்டுக்கு வந்த பெண்ணைச் சும்மா அனுப்பவில்லை என்ற திருப்தி எங்களுக்கு.

ஒரு வியாழக்கிழமை நித்யா தட்டை நகர்த்தி வைத்தார்.

"அம்மா, நான் விருந்தாளியாவே வந்துட்டுப் போறனுங்க. ஐயா கை அங்கியேதான் நிக்குது."

"அதுக்காக வெறும் வயித்தோட போவியா? காபியாச்சும் குடி கண்ணு."

"குடிக்கறனுங்க. ஐயா சமையக்கட்டுல இருந்து வலது கையில கொண்டாந்து குடுக்கட்டும்."

"அதெப்படி ஆகும்? இடது கையில கொண்டாந்தா ஆகாதா?"

"இடது கையில குடுத்தா நீங்க வாங்குவீங்களா?"

அன்று நித்யா காபி குடிக்காமல் போனார். எனக்குப் பக்கவாதம் வந்த அன்றுகூட சரசு அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையே என் கையில் வெறும் டம்ளரைத் திணித்தாள். அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றினாள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் நழுவிவிடும், முழங்கையைத் தாங்க வேண்டும் என்று நித்யா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். தாங்கினாள், வாயைத்தான் தாங்க முடியவில்லை. "இறுக்கிப் புடிங்க! பாவம், அந்தப் புள்ள வாரா வாரம் தொண்ட காஞ்சு போகுது!"

டம்ளரோடு நான் கூடத்தின் பாதியை எட்டிய சமயத்தில் நித்யா சொன்னார்: "விசா வந்துருச்சுங்க ஐயா. அயர்லாந்து."

"அத்தன பெரிய தேசத்துல ஆளில்லையா கண்ணு?" என்றாள் சரசு.

"அங்கியும் பத்தலீங்களாம். எங்கியுமே பத்தலீங்க."

"உன்ற எடத்துக்கு இங்க யாரு வருவாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வெயிலில் ஊர் ஊராகத் தனியாக ஸ்கூட்டி ஓட்டிய பெண் அவர். நாங்கள் கொடுத்ததெல்லாம் சந்தகைதான்; கூட வேலை செய்ய இன்னொரு ஆளைத் தரவில்லை. இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் யாராவது கட்டிலில் இருக்கலாம். உங்கள் ஊருக்கும் ஒரு நித்யா வேண்டும் என்று சத்தமாகக் கேளுங்கள். வந்தவர் தங்குவதற்கு வழி செய்யச் சொல்லியும் கேளுங்கள்.

அவர் வந்த கடைசி வியாழக்கிழமை, டபராவோடு டம்ளரைப் பிடித்துச் சமையலறையிலிருந்து கிளம்பினேன். சரசு பின்னால் மூச்சு விடாமல் வந்தாள். கூடம் முழுக்கக் காபிக் கோலம். நித்யாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது பாதி டம்ளர். என் வலது கை கொடுத்தது.

ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது வேறு: "சக்கரை பத்தலீங்க ஐயா."

"இரு கண்ணு, நானு எடுத்துட்டு வாரேன்" என்று சரசு உள்ளே திரும்பினாள்.

"நீங்க உக்காருங்கம்மா. ஐயா போயி எடுத்துட்டு வரட்டும்."

போனேன்.

அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லி சரசுவைக் கூப்பிட்டார்கள். "எனக்கு இவரு கை மட்டுந்தானுங்க தெரியும். அதுக்குப் படிச்சவங்க வரோணும்" என்று சொல்லிவிட்டாள்.

வலது கை இப்போது எனக்கு உறவுக்காரர் மாதிரி. முன்பெல்லாம் நான் அதை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது "வாங்க, வாங்க" என்று அழைத்தால்தான் மெதுவாக வருகிறது; சில நாள் முறுக்கிக்கொள்கிறது. நாள் எனக்குத் தறிச் சத்தத்தில் தொடங்குவதில்லை. காபி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேரும்போது தொடங்குகிறது.

வியாழக்கிழமைகளில் நித்யா உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து என் காபியை நானே குடிக்கிறேன். சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுந்து உள்ளே போகிறேன்.