ஹொரஸ் பிம்மின் பல்தடம்

ஹொரஸ் பிம்முக்கு மேல்வரிசை முன்பல் ஒன்றில் நடுவே சின்ன வெட்டு இருந்தது. போரில் உடைந்தது என்று சொல்லிக்கொள்வார். பொய் இல்லை. ராணுவ பிஸ்கட்டைக் கடித்தபோது உடைந்தது. அதன்பிறகு அவர் எதைக் கடித்தாலும் ஒரு பல்லுக்கு இரண்டு கோடு விழும். ரொட்டியில், பென்சிலில், எல்லாவற்றுக்கும் மேலாக ஈயக் குண்டில்.

இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் தூண்டில் போடுகிற எவரும் ஈயக் குண்டைக் கையால் மாட்டியதில்லை. தூண்டிலை நீரில் அமிழ்த்தும் மிளகளவு குண்டு, அதில் ஒரு பிளவு. பிளவுக்குள் தூண்டில் நரம்பை வைத்து, பல்லுக்கிடையில் கொடுத்து, ஒரு கடி. ஈயம் வெண்ணெய் மாதிரி இளகிக் கவ்விக்கொள்ளும். தகப்பன் கடித்தான், மகன் கடித்தான், பாதிரியார்கூட ஞாயிறு பூசை முடிந்து வந்து கடித்தார். சாயங்காலம் கிளம்பும்போது புல்லில் சிந்திக் கிடக்கும் குண்டுகளைப் பூட்ஸ் காலால் ஆற்றில் தள்ளிவிட்டுப் போவார்கள். கரையைச் சுத்தமாக வைத்திருப்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு அக்கறை.

ஹொரஸ் எரிவாயு மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர். கீழ்மில் தூண்டில் சங்கத்தின் கரைக்காவலர். சம்பளம் கிடையாது. கையில் கட்ட ஒரு பச்சைப் பட்டை, ஒரு குறிப்பேடு, நனைந்த நாய்களின் நட்பு, இவ்வளவுதான் ஊதியம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் மில்லுக்குக் கீழே இருந்த அன்ன ஜோடியில் ஆண் அன்னம் கழுத்தைத் தூக்க முடியாமல் முதுகின்மேல் சாய்த்துக்கொண்டு மிதந்தது. ஹொரஸும் மனைவி மேவிஸும் அதை மேவிஸின் நல்ல கோட்டில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வைத்தியரிடம் போனார்கள். மூன்றாம் நாள் செத்துவிட்டது. வைத்தியர் அதன் வயிற்றில் இருந்ததை ஒரு சாசரில் கொட்டிக் காட்டினார். பதினேழு ஈயக் குண்டு, அத்தனையும் விஷம். அன்னம் இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்குமாம். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் புலவர்கள் தலைமேல் தூக்கி வைத்த பறவைக்குக் கல்லையும் ஈயத்தையும் பிரிக்கத் தெரியவில்லை.

பதினாறு குண்டு தேய்ந்து வழவழவென்றிருந்தது. ஒன்று மட்டும் கடைசியாக விழுங்கியது போலும், தேயவில்லை. அதன்மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு.

ஹொரஸ் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேவிஸிடம் மட்டும் சொன்னார்.

"தெரிஞ்சா போட்ட?" என்றாள் மேவிஸ்.

"இல்ல."

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அந்த வாரமே ஹொரஸ் தன் ஈயத்தையெல்லாம் குழாய் ரிப்பேர்க்காரனிடம் கொடுத்துவிட்டார். தனித்துப்போன பெண் அன்னத்துக்குச் சீமாட்டி என்று பேர். தினமும் அதற்குக் கீரை கொண்டுபோனார். அது அவரைப் பார்த்துச் சீறும். சீறட்டும், நியாயம்தானே என்று நின்றுகொண்டிருப்பார்.

1987 பிறந்ததும் சட்டம் வந்தது. ஈயக் குண்டு விற்கக் கூடாது, ஆற்றில் போடவும் கூடாது. சட்டத்தின் கண்ணில் படாத அளவு பொடியும், அன்னத்தின் தொண்டைக்குள் போகாத அளவு பெரியதும் தப்பித்தன. சங்கச் செயலர் வெதரல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: ஈயத்தோடு பிடிபட்டால் அந்த மீன்பிடிப் பருவம் முழுக்கச் சங்கத்தை விட்டு வெளியே. வெதரலுக்கு மீனைவிட விதியைப் பிடிப்பதில் ருசி அதிகம்.

ஜூன் பதினாறு, பருவத்தின் முதல் நாள். பழைய ஈயக் குண்டும் அதற்குப் பதிலாகக் கடைக்கு வந்த கெட்டி உலோகக் குண்டும் ஒரே சாம்பல் நிறம், பார்த்தால் தெரியாது. ஹொரஸுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். விடியற்காலையிலிருந்து கரை நெடுக ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு குண்டு எடுத்துக் கடித்துக்கொண்டே போனார். பல் பதிந்தால் ஈயம், பல் வலித்தால் சட்டம். இது எத்தனாவது வீட்டில் காலைச் சாப்பாடு என்று கேலி செய்தார்கள். வாய் கொப்பளிக்க மேவிஸ் தனி பிளாஸ்க் கொடுத்திருந்தாள்.

இருபத்திரண்டு இடத்தில் பல் வலித்தது. இருபத்துமூன்றாவது இடத்தில் சிரில். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், ஹொரஸுக்கு அதைவிடப் பழைய சிநேகிதர். மனைவி போனபிறகு வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை, இந்தக் கரைக்குத்தான் வெளியே வருவார். இன்று முதல் நாள் என்பதால் செவ்வாயே வந்திருந்தார். மற்ற நாளில் கதவு திறக்காது.

பல் சுகமாக உள்ளே இறங்கியது.

"கடிச்சுட்டேல்ல, எழுதிக்கோ" என்றார் சிரில், மிதவையைப் பார்த்தபடி.

"ஏன்டா?"

"புதுசு கல்லாட்டம் இருக்குடா. இடுக்கியப் புடிச்சா கை வேற ஊருக்குப் போயிடுது." சிரில் கையை நீட்டிக் காட்டினார். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது. "பல்லுல வெக்கலாம்னா, என் பல்லு சர்க்கார் குடுத்த பல்செட்டு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒண்ணு ஏற்கெனவே விரிசல். நான் சொன்னா கேக்கறது இந்த ஈயம் ஒண்ணுதான்."

எழுதினால் சிரிலின் புதன்கிழமைகள் போச்சு. எழுதாவிட்டால் எதிரே போகிறவளுக்கு என்ன பதில்? சீமாட்டி புதுத் துணையோடு வந்திருந்தாள், பின்னால் நான்கு சாம்பல் குஞ்சு. ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் தலையை விட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தது.

ஹொரஸ் பென்சிலை எடுத்தார், வைத்தார். சிரிலின் டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். தன் புதுக் குண்டு மூன்றைச் சிரிலின் நரம்பில் கடித்து மாட்டினார். தாடையில் மின்னல் வெட்டியது. வீட்டுக்குப் போய், குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்.

வெள்ளிக்கிழமை மதுக்கடையின் பின்னறையில் சங்கக் கூட்டம். வெதரல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பேட்டை வாசித்தார். "ஈயக் குண்டு, ஒரு டப்பா. வைத்திருந்தவர், எச். பிம்."

வெதரல் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் பிம், இது வேடிக்கைன்னா எங்களுக்கும் சொல்லுங்க."

"டப்பா என் பையிலதான் இருக்கு, பாத்துக்கங்க." ஹொரஸ் அதை மேசையில் வைத்தார். பக்கத்தில் இரண்டு வருடமாகச் சட்டைப்பையில் கிடந்த ஒற்றைக் குண்டையும் வைத்தார். தட்டிலிருந்த பாலாடைக்கட்டித் துண்டை ஒரு கடி கடித்து அதையும் வைத்தார். இரண்டிலும் அதே இரட்டைக் கோடு. "இது அந்த ஆண் அன்னத்தோட வயித்துல இருந்துச்சு. வேற யார் பேர எழுதுறதுக்கும் முன்னாடி இந்தப் பேர எழுதணும்னு தோணுச்சு."

சிரில் எழுந்திருக்கப் போனார். ஹொரஸ் மேசைக்கடியில் அவர் காலை அழுத்தி மிதித்தார்.

விதி விதிதான். ஹொரஸ் ஒரு பருவம் வெளியே. பச்சைப் பட்டை மேசைமேல் அநாதையாகக் கிடந்தது. மழையில் நடந்து அடுத்தவன் புழு டப்பாவைத் திறந்து பார்க்கிற பதவிக்கு யாரும் கைதூக்கவில்லை. ஆடுகிற கை ஒன்று மட்டும் மேலே இருப்பதாக வெதரலுக்குப் பட்டது. அது தூக்கிய கையா, தானாக ஆடியதா என்று விசாரிக்காமல், புதிய கரைக்காவலர் சிரில் என்று எழுதி முடித்தார்.

புதுக் காவலருக்குக் கடித்துப் பார்க்கப் பல் இல்லை. ஆகவே வாடகைக்கு ஒரு பல்லைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஹொரஸ் தூண்டில்தான் போடக் கூடாது, கரையில் நடக்கக் கூடாது என்று விதி இல்லை. இப்போது புதன் மட்டும் போதவில்லை, வாரத்தில் நான்கு நாள் சிரிலின் கதவு திறந்தது. சாயங்காலம் இரண்டு கிழவர்களும் முழங்காலில் உட்கார்ந்து, சிந்திய ஈயக் குண்டைத் தேடிப் புல்லைத் துழாவுவார்கள். பார்த்தவர்கள் மோதிரம் தொலைந்ததா என்று கேட்பார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் சிரில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். வெயிலில் கண் கூசியது. நீரில் ஏதோ கூட்டமாக வந்தது.

"குஞ்சு எத்தனைடா?"

ஹொரஸின் வாயில் சிரிலின் நரம்பு இருந்தது. கடித்து முடிக்கும்வரை நான்கு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்.