வேலியோரத்து வானொலி

இந்த வாசிகசாலைப் பலகையில் ஒன்று எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது. வானொலி மனிதரின் மனதைக் கெடுக்கும் என்று இதே வாசிகசாலையில் வாதாடியவர்களில் நானும் ஒருவன். இன்று நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

பக்கத்துக் காணிக்காரர் வானொலி வாங்கியிருக்கிறார். போன போகத்தில் என் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அந்தப் பெட்டியை எங்கள் வேலியோரம் வைத்து அலறவிடுகிறார்.

இன்று மத்தியானம் பொறுக்க முடியாமல் வேலிக்குப் போனேன்.

"என்னைக் குத்தத்தானே இதில கொண்டுவந்து வைச்சிருக்கிறீர்?"

"உங்களுக்கெண்டு ஆர் அண்ணை வைச்சது? உங்கட மனுசிதான் கேட்டவா. யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு கதைக்க ஒரு ஆளில்லையாம். வேண்டாமெண்டால் நிப்பாட்டுறன்."

நிறுத்தியும்விட்டார்.

உடனே எங்கள் குசினி அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஐயோ அண்ணை, ஏன் நிப்பாட்டினியள்? நாடகத்தில மாமனார் இப்பதான் கதிரையோட விழப்போறார்!"

சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தாள். இந்த மண்ணுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"போடும்" என்றேன்.

"என்ன அண்ணை?"

"சத்தத்தைக் கூட்டிப் போடும் எண்டனான்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் முழுவதையும் கேட்டேன். நாடகம் படு மட்டம். ஆனால் மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

தண்ணீர் வழக்கு வேறு, அதை நான் விடவில்லை. வானொலி மனதுக்கு நல்லதா, கெட்டதா என்று உங்கள் எண்ணத்தைக் கீழே எழுதுங்கள். நான் பெயர் போடாமல்தான் ஒட்டுகிறேன். பக்கத்துக் காணிக்காரரும் இங்கே வாசிக்க வருகிறவர், அவருக்கு நான் நன்றி சொன்னதாக ஆகிவிடக் கூடாது.