வராதவர்தான் தலைவர்

பாலக்காட்டுச் சித்தூரில் என் மருந்துக்கடை மாடியில்தான் அந்த வட்டார டாக்டர்கள் சங்கம் கூடும். எழுபதுகளில் அங்கே ஒரு வழக்கம்: தேர்தலன்று வராதவரைத் தலைவராக்கிவிடுவார்கள். சம்பளமில்லாத பதவி, டாக்டர்களுக்குள் மூளும் சண்டைகளையெல்லாம் தீர்க்க வேண்டும். அதனால் காய்ச்சலில் கிடப்பவரும் கம்பளி போர்த்திக்கொண்டு வந்துவிடுவார்.

ஒரு வருடம் தேர்தல் தொடங்கும்போது பக்கத்துப் பெருமாட்டி கிராமத்து விவசாயி ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "ஏனுங்க, சம்சாரம் காலையிலிருந்து பிரசவ வலியில துடிக்கறாளுங்க. யாராச்சும் வாங்க!"

எல்லா டாக்டர்களும் டீ கிளாஸையே உற்றுப் பார்த்தார்கள். இளையவர் ஒருவர்தான் பையை எடுத்தார்.

"போறேனுங்க. என்னைய மாட்டி உட்றாதீங்க."

"சேச்சே! நிம்மதியாப் போயிட்டு வாங்க தம்பி" என்ற பழைய தலைவர், அவர் படியிறங்கியதும் மாலை வாங்க ஆளனுப்பினார்.

சுகப்பிரசவம் பார்த்துச் சாயங்காலம் திரும்பியவரிடம் ஆணா பெண்ணா என்றுகூட யாரும் கேட்கவில்லை, மாலையைப் போட்டார்கள். புதிய தலைவர் கழுத்தில் மாலையோடே முதல் உத்தரவு போட்டார்.

"இனி நோயாளி கூப்பிட வந்தா, கடைசியா எந்திரிக்கறவருதானுங்க அடுத்த தலைவர்."

அடுத்த வருடக் கூட்டத்தில், டீக்காரர் தட்டோடு மாடியேறும் சத்தம் கேட்டதுமே அத்தனை டாக்டர்களும் பையும் கையுமாக எழுந்து நின்றார்கள்.