இருபத்து மூன்றாவது பறவை

கசகஸ்தானின் கஸ்பியன் கடலோர அக்தாவ் துறைமுகத்தின் சரக்குத் தண்டவாளத்தருகே கலாம்காஸ் என்னும் பெண்மணி நிற்கும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. உள்ளே வரும் ரயில் அந்தக் கம்பத்தைக் கடக்கும்போது, ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் வாசித்து ஒலிவாங்கியில் சொல்வது அவருடைய பணி. பெட்டிக்கு எட்டு இலக்கங்கள். ரயில் அவருக்காக நிற்பதில்லை. அவரும் அது நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் இவ்வாறே கழிந்துள்ளன.

விடுமுறை நாள்களில் அவர் எங்களோடு பறவை பார்க்க வருவார்.

சென்ற ஜனவரிக் கணக்கெடுப்பின்போது, மின்நிலையத்தின் வெந்நீர் கலப்பதால் குளிர்காலத்திலும் உறையாத ஏரியில், ஒரு பூநாரையின் காலில் மஞ்சள் வளையம் இருப்பதைக் கண்டு, அதன் நான்கு இலக்கங்களையும் வாசித்தார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை, படமும் இல்லை. வளையம் மாட்டியவர்களுக்கு எழுதினோம். அந்தப் பறவையை யாரும் கண்டு பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன என்றும், இலக்கம் தவறாக வாசிக்கப்பட்டிருக்கலாம் என்றும் பதில் வந்தது. எங்கள் குழுவின் தலைவர் திலெகென், உயிரியல் ஆசிரியர், பதிவேட்டில் அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டார். இரண்டாம் ஆண்டும் உறுதிப்படாத பதிவை அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த இரண்டாம் ஆண்டின் கணக்கெடுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

திலெகெனும் கலாம்காஸும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். எங்கள் வழக்கில் குர்தாஸ்கள். குர்தாஸின் கேலிக்குக் கோபித்துக்கொள்ளும் உரிமை குர்தாஸுக்குக் கிடையாது.

"என்ன குர்தாஸ், உன் பேய்ப் பறவை இன்னிக்காவது வருமா?" என்றார் திலெகென், காலையில் வண்டியில் ஏறும்போதே.

"வரும். வந்ததும் உன் நரித்தோல் தொப்பி மேலதான் எச்சம் போடும்."

அல்மாத்தியிலிருந்து வந்திருந்த படக்காரர் எர்சாயின் சிரித்தார். முழங்கை நீளமுள்ள லென்ஸை மடியில் கிடத்தியிருந்தார். வளையத்தின் எண் என்னவென்று அவரிடம் சொல்லக்கூடாது என்று திலெகென் எங்கள் எல்லோரையும் முன்னரே எச்சரித்திருந்தார். அவர் கேலி செய்தாலும் நேர்மையானவர்.

முதலில் கடற்பாறைகளுக்குச் சென்றோம். கடல்நாய்களை எண்ணிய திலெகென், "பன்னிரண்டு" என்றார்.

"பதினொண்ணு. பன்னிரண்டாவது, பாறை. ரொம்ப நேரமா மூச்சு விடல பாரு," என்றார் கலாம்காஸ்.

பதினொன்று என்றே எழுதினோம்.

ஏரியை அடைந்தபோது நண்பகல். காற்று ஓய்ந்திருந்ததால் நீராவி கலையாமல் நின்றது. அன்னங்களும் நாமக்கோழிகளும் கரையோரம் தெரிந்தன; பூநாரைகள் இளஞ்சிவப்புக் கறையாக மட்டுமே தெரிந்தன. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஒருமுறை ஆவி விலகியது.

"மஞ்சள்!" என்றார் கலாம்காஸ். "இடது கால், முட்டிக்கு மேல. தம்பி, பிடி!"

எர்சாயின் லென்ஸைத் திருப்புவதற்குள் ஆவி மீண்டும் மூடிக்கொண்டது. "அக்கா, எனக்கு வெறும் பால்தான் தெரியுது."

அப்போது ஏரியின் மேலே ஒரு கடற்கழுகு வந்தது. பூநாரைகள் அனைத்தும் ஓடி எழும்பின. திலெகென் பதிவேட்டை மூடினார்.

"போச்சு," என்றார். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை.

"எங்க போச்சு? இப்பத்தானே ரயில் கிளம்புது."

வானில் குழம்பிக் கிடந்த கூட்டம் மெல்ல நீண்டு, ஒற்றை வரிசையாகிக் கடலை நோக்கித் திரும்பியது. கழுத்தும் காலும் நேர்கோடாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலாம்காஸ் இருநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"தம்பி, நீ பறவையத் துரத்தாத. அதோ அந்த மின்கம்பத்தோட உச்சி தெரியுதா? அங்க நிறுத்து. அசைக்காத. அதுங்க தானா வந்து கடக்கும்."

"எது வருதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரிய வேணாம். மஞ்சள் காலை நான் கண்ணுல பிடிச்சு வெச்சிருக்கேன். முன்னாலருந்து இருபத்து மூணாவது பெட்டி. நான் இப்போன்னா அழுத்து."

முதல் பறவை கம்பத்தைக் கடந்தது. கலாம்காஸ் தண்டவாளத்தருகே பேசும் அதே சீரான குரலில் எண்ணத் தொடங்கினார்.

"இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு. இப்போ!"

கேமரா படபடத்தது. வரிசை கடலுக்கு மேல் சென்று மறைந்தது.

ஒன்பது படங்கள் விழுந்திருந்தன. முதல் ஐந்திலும் சிறகு காலை மறைத்திருந்தது. ஆறாவதில் மஞ்சள் தெரிந்தது. எர்சாயின் கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். எண் தெரியாத ஒரே மனிதர் அவர்தான்.

"மூணு," என்றார். "எட்டு. சைபர்." சிறிது நேரம் திரையை நிழலில் சாய்த்துப் பார்த்தார். "ஆறு. ஆமா, ஆறுதான்."

திலெகென் பதிவேட்டைத் திறந்து, சென்ற ஆண்டின் பக்கத்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். 3806.

இருபத்தொன்பது ஆண்டுகளாக ஒலிவாங்கிக்குத் தேவையானதற்கு மேல் குரல் உயர்த்தாத கலாம்காஸ், இருநோக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, ஏரியே அதிரும்படி கத்தினார். நாமக்கோழிகள் சிதறி ஓடின. எர்சாயின் அவரைக் கட்டிக்கொண்டு சுற்றினார்.

"எப்படி அக்கா வாசிச்சீங்க, போன வருஷம், அவ்வளவு தூரத்துல?"

"எட்டு இலக்கம் படிக்கிறவளுக்கு நாலு இலக்கம் பாதி வேலைதானேடா!"

திலெகெனிடம் அழிப்பான் இல்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கேள்விக்குறியைத் தேய்த்தார். தாள் நைந்தாலும் அது முற்றிலும் அழியும்வரை விடவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். புதிய பக்கத்தில், 'மஞ்சள் வளையம் 3806. கண்டவர் கலாம்காஸ். இரண்டாம் முறை' என்று அடுத்த தாளிலும் பதியுமாறு அழுத்தி எழுதினார்.

"சரி, சொல்லு," என்றார் கலாம்காஸிடம். "ஒரு வருஷக் கடன். எல்லாத்தையும் சொல்லித் தீர்த்துடு."

கலாம்காஸ் சூடான பால்தேநீரை ஒரு வாய் குடித்தார். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, திலெகெனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல குர்தாஸ். அந்தத் தொப்பிய மட்டும் கழட்டிக் காட்டு. மேல ஏதாச்சும் விழுந்திருக்கான்னு பாக்கணும்."

திலெகென் தொப்பியைக் கழற்றி, அந்தக் குளிரில், வெறுந்தலையோடு அவர் முன் குனிந்து நீட்டினார்.