கல்லறைப் பாதையும் ஐந்து முழுக்கும்

கடைகளுக்கு றோல்ஸ் பலகாரம் சுற்றிக் கொடுக்கும் நகுலேஸ்வரி அக்காவை ஈஸ்ட் ஹாம் கடைக்காரர்கள் றோல்ஸ் அக்கா என்பார்கள். அடுத்த வீட்டுக்காரியான நான் வைத்த பெயர் முழுக்கு அக்கா. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் பின்கதவால்தான் வருவார். ஜனவரிக் குளிரிலும் தலையில் தண்ணீர் வார்க்காமல் சமைக்கிற குசினிக்குள் கால் வைக்கமாட்டார். ஒருமுறை பஸ் மயானத்து வாசலில் அதிக நேரம் நின்றுவிட்டது என்று அதற்கும் முழுகினார்.

அப்படிப்பட்டவரின் மகள் விதுஷா, தன்னோடு மருந்தகத்தில் வேலை செய்யும் அனிஸ் என்ற துனீசியப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். வெம்பிளியில் இருக்கும் அக்காவின் அண்ணை சச்சிதானந்தன், வீடு பார்க்காமல் சம்பந்தம் பேசுவதில்லை, நீ போய்ப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு என்று பாரத்தைத் தங்கச்சி தலையில் இறக்கிவிட்டார். அக்கா பாரிஸில் பதினாலு வருஷம் றெஸ்ரோறன்ற் குசினிகளில் கழித்தவர். துனீசியாவிலும் செல்லுபடியாகும் பிரெஞ்சு பேசுவார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடித்தான் அனிஸோடு அவன் ஊருக்கு விமானம் ஏறினார் என்பது எனக்குத் தெரியும். லீவு கிடைக்காமல் இங்கேயே நின்ற விதுஷாவுக்கும் தெரியும். அந்தக் கிழமை அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காரணம் காரை விட்டு இறங்கியவுடனேயே கிடைத்தது. மலையடிவாரக் கிராமம். வீட்டுக்குப் போகும் ஒரே பாதை பழைய கல்லறைகளுக்கு நடுவால் போனது. ஆளுயரக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய பலகைக்கல் மூடிய, குனிந்தால் ஆள் நுழையக்கூடிய கல்லறைகள். செத்தவர்கள் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல், எலும்புகூட இல்லை, இப்போது கோழிதான் முட்டையிடுகிறது என்றான் அனிஸ். சாவுத் தீட்டு, துடக்கு, அதற்கெல்லாம் காலாவதித் திகதி கிடையாது என்று அக்கா வாசலிலேயே நின்று முழுகத் தண்ணீர் கேட்டார். அனிஸின் தாய் ஸுஹ்ரா சிரித்த முகத்தோடு பெரிய அண்டாவில் கொண்டுவந்து வைத்தார். கடைக்குப் போனாலும் அந்தப் பாதைதான், உலாத்தப் போனாலும் அந்தப் பாதைதான். இரண்டு நாளில் ஐந்து முழுக்கு.

மூன்றாம் நாள் காலை, முந்தின இரவு முழுகிய தலைமயிர் உலர்த்த மொட்டைமாடிக்கு ஏறியவர், கீழே பள்ளத்திலிருந்து ஸுஹ்ரா கழுதையோடு ஏறி வருவதைக் கண்டார். கழுதையின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன்கள். குழாயில் தண்ணீர் கிழமைக்கு ஒருநாள்தான், மற்ற நாளெல்லாம் ஊற்றுக்கு ஒரு மைல் இறங்க வேண்டும் என்று அனிஸ் அப்போதுதான் ஒப்புக்கொண்டான். விருந்தாளிக்குச் சொல்லக்கூடாது என்பது தாயின் கட்டளையாம்.

அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி ஓடினார். ஸுஹ்ரா களைத்துப்போய் ஒரு கல்லறைக்குள் நிழலுக்கு இருந்தார். அக்கா குனிந்து உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்து, ஏன் சொல்லவில்லை என்று பிரெஞ்சில் கேட்டார்.

"உங்கள் மகள் மருமகளாய் வரப்போகிற வீடு. அவளின் அம்மாவிடம் இங்கே தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?"

சொல்லிவிட்டு ஸுஹ்ரா மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தார். அக்கா அங்கேயே சாப்பிட்டார். பிறகு கழுதையைப் பிடித்துக்கொண்டு நேரே ஸுஹ்ராவின் குசினிக்குப் போனார். கழுதையை வாசலில் விட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

அவர் திரும்பி வந்த அன்று பின்னேரம் றோல்ஸ் சுற்ற நானும் போயிருந்தேன். அண்ணை போன் எடுத்தார். விதுஷா கதவடியில் அசையாமல் நின்றாள். வீடு சுடுகாட்டுக்குப் பக்கத்தில் என்று கேள்விப்பட்டேன், உண்மையோ என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓம் அண்ணை. அதுக்குள்ளை இருந்து சாப்பிட்டனான்."

முழுகினாயோ என்றார் அவர்.

"இல்லை. மூண்டு நாளா முழுகேல்லை," என்றார் அக்கா. "நீங்கள் கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."